உறவினர் லயத்தில் தங்கியிருக்கிறீர்களா?

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்களுக்குப் புதிய வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடங்கள் சென்றன. உறவினர் லயத்தில் தங்கியிருப்பவர்களும் நீண்ட காத்திருப்புக்கு ஆயத்தமாக வேண்டும்.

முதலில், கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் குடும்பத்தைத் தனியாகப் பதியுங்கள். முகாமில் இல்லாதவர்களின் பெயர் பட்டியலில் எளிதாக விடுபட்டுவிடும்.

உலர் உணவுப் பொதியை வீட்டுக்காரரோடு சேர்த்து ஒரே அடுப்பில் சமையுங்கள். விறகு, தண்ணீர் வேலைகளைப் பங்கிடுங்கள். பிள்ளைகள் படிக்க ஒரு மூலையும் நேரமும் கேட்டு வாங்குங்கள். மனக்கசப்பு வந்தால் அன்றே பேசித் தீருங்கள்.

உடைமைகளை எடுக்கப் பழைய லயத்துக்குப் போகாதீர்கள். நிலத்தில் புதிய வெடிப்பு கண்டால் 117க்கு அழையுங்கள்.

இடம் கொடுத்தவர்களும் அதே மலையில்தான் வாழ்கிறார்கள். ஆபத்து வந்தால் எங்கே ஓடுவது என்று இரு குடும்பமும் இன்றே பேசி வையுங்கள்.