வீராணத்துத் தண்ணீரும் சென்னைக் குழாயும்



சென்னையில குழாயைத் திறந்தா வர்ற தண்ணி எங்கிருந்து வருதுன்னு யோசிச்சிருக்கோமா? கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்தும் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோக, 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்து, 2004-ல் புதிய வீராணம் திட்டம் வந்தது. அதே ஏரியை நம்பித்தான் சுற்றுவட்டார வயல்களும் இருக்கின்றன. பட்டணத்துக்கும் தாகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனா, ஏரி வறண்டா நடவு, களையெடுப்பு நின்னு, நம்ம கூலிதான் போகும்.

குழுவில் பேசுங்கள்:

1. நம்ம ஊர்த் தண்ணி எங்கெல்லாம் போகுது?
2. வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்கா?
3. மார்ச் 22, தண்ணீர் நாள் கிராம சபையில் இதை யார் எழுந்து கேட்பது?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.