மயிலுக்கு நஞ்சு வைக்காதீர்

ஓசூர், சூளகிரி வட்டாரத்தில் நிலக்கடலை விதைத்ததும் மயில்கள் கிளறித் தின்பது விவசாயிகளின் நியாயமான குறையே. அதற்காகத் தானியத்தில் பூச்சிமருந்து கலந்து வைத்தல் கூடாது. 2018-இல் மதுரை அருகே 40-க்கும் மேற்பட்ட மயில்கள் நஞ்சுண்டு மாண்டன. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பறவை மயில். கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சொந்த நிலம் என்ற வாதம் செல்லாது; அத்திப்பள்ளி தாண்டினாலும் இதே சட்டந்தான்.

இறந்த மயிலைக் கண்டால் பயந்து புதைத்துவிடாதீர்கள். சந்தேகம் உங்கள் மேலேயே திரும்பும். சிதறிய தானியத்தையும் தொடாமல், நாய், கோழிகளை அண்டவிடாமல், வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்கவும். கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து உள்ளுறுப்புகளை ஆய்வுக்கு அனுப்புவார். உடல் அழுகிவிட்டால் நஞ்சைக் கண்டறிவது கடினம்.