வெள்ளைக் கோட்டுக்கு ஒரு தேர்ச்சி மதிப்பெண்

திருவனந்தபுரம்

அன்புள்ள மலர்,

சாலையில் கோடு போடுவது சரி, அது இரவில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று எண் வைத்து விதி வகுப்பது அதிகப்படி இல்லையா என்று கேட்டிருந்தாய். எண் இல்லாவிட்டால்தான் சிக்கல். பகலில் வெள்ளையாக இருக்கிற கோடு இரவிலும் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். உருக்கிப் போடும் தெர்மோபிளாஸ்டிக் கலவை ஆறுவதற்குள் அதன்மேல் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். ஒவ்வொரு மணியும் பாதி புதைந்து பாதி வெளியே நிற்க வேண்டும். ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள் புகுந்து, அடியிலுள்ள வெள்ளையில் பட்டு, வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்பும். டயர் பட்டு மணிகள் உதிர்ந்தால் வெள்ளை மிஞ்சும், வெளிச்சம் திரும்பாது. பகலில் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் அதிகாரியின் கண் இதைக் கண்டுபிடிக்காது. 30 மீட்டர் முன்னால் பார்க்கும் ஓட்டுநரின் கோணத்தில் அளக்கும் கருவி இருக்கிறது. அது காட்டும் அளவுக்கு ஒரு தேர்ச்சி மதிப்பெண் வேண்டாமா?

அமெரிக்காவில் இப்படியொரு விதி வேண்டுமென்று நாடாளுமன்றம் 1992-இலேயே சொல்லிவிட்டது; விதி வந்தது 2022 ஆகஸ்டில். (நம் ஊர்க் கோப்புகள் மட்டும்தான் ஊர்கின்றன என்று நினைக்காதே.) மணிக்கு 35 மைலும் அதற்கு மேலும் வேக வரம்புள்ள சாலைகளில், ஒரு லக்ஸ் வெளிச்சத்துக்குச் சதுர மீட்டருக்கு 50 மில்லிகேண்டலாவுக்குக் குறையாமல் கோடுகளைப் பராமரிக்க ஒரு வழிமுறை வைத்திருக்க வேண்டும். தெருவிளக்கிலேயே கோடு நன்றாகத் தெரியும் இடங்களையும், நாளுக்கு 6,000 வண்டிக்குக் குறைவாக ஓடும் சாலைகளையும் விட்டுவிடலாம். செலவு தாங்காது, வழக்கு குவியும் என்பவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது: என்றோ ஒரு நாள் ஒரு கோடு 50-க்குக் கீழே இறங்கிவிட்டால் அதுவே விதிமீறல் ஆகாது, கவனிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்பதே கேள்வி. நம் நாட்டிலும் சாலைக் கோடுகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 35 விதித்தொகுப்பு 2015-இல் திருத்தப்பட்டது. ஆனால் கோடு போட்ட ஒப்பந்தக்காரரின் பில் பாஸ் ஆகும் நாளில் அளப்பது வேறு, இரண்டு மழைக்காலம் கழித்து அளப்பது வேறு.

மழைதான் என் வாதத்தின் மையம். அந்த 50 காய்ந்த சாலைக்கான எண். இந்த ஊருக்கோ இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. தண்ணீர் மணிகளை மூடிவிட்டால் வெளிச்சம் முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டதுபோல முன்னோக்கித் தெறித்துப்போகும். ஐரோப்பாவின் இ.என். 1436 தரம் ஈரத்துக்குத் தனி எண் வைத்திருக்கிறது: கோட்டின்மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, ஒரு நிமிடம் பொறுத்து அளப்பார்கள். இங்குள்ள முக்கோலா–காரோடு புறவழிச்சாலையோ கான்கிரீட்டால் ஆனது. வெளுத்த தரையில் வெள்ளைக் கோடு பகலிலேயே எடுப்பாகத் தெரியாது, மழை இரவில் கேட்கவே வேண்டாம். காய்ந்த எண்ணை மட்டும் எழுதிவைத்து நிம்மதி அடைவது கேரளத்துக்குப் பொருந்தாது.

முதலில் சாலைக் குழியை அடைத்துவிடுங்கள் என்பார்கள். அடைக்கட்டும், ஆனால் தண்ணீர் நிறைந்த குழியும் சாலையின் ஓரமும் ஒன்றாகத் தெரியும் இரவில், ஓரக்கோடு இல்லாவிட்டால் வண்டி எங்கே ஒதுங்கும்? கோடு பளிச்சென்றிருந்தால் வேகம் கூடும் என்ற ஆட்சேபத்தை நான் ஒதுக்கமாட்டேன், அதில் உண்மை இருக்கிறது. அதற்கு வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமே தவிர, ஓட்டுநரைக் குருடாக்கக் கூடாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்தக்காரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஈரச் சாலைக்கும் பராமரிப்புக் காலத்துக்கும் எண் எழுதப்பட்டிருந்தால்தான் அந்தப் பிரிவை மங்கிப்போன கோட்டின்மேல் பிரயோகிக்க முடியும். இங்கே ஆக்குளத்தில் நாட்பாக் போன்ற போக்குவரத்து ஆய்வு மையத்தை வைத்துக்கொண்டு, இடவப்பாதிக்கு முன்பும் துலாவர்ஷத்துக்குப் பின்பும் அளப்பது முடியாத காரியமில்லை.

அன்புடன்,
சித்தப்பா