கரை தொடும் முன்பே வரும் டொர்னேடோ: இப்போதே செய்ய வேண்டியவை

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30 வரை நீண்டாலும், அதன் உக்கிரமெல்லாம் ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான். ஃப்ளோரிடா, டெக்சாஸ், ஜார்ஜியா, கரோலைனா என்று கடலோர மாநிலங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தண்ணீர் கேன், பேட்டரி, ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் எல்லாவற்றையும் அநேகமாக வாங்கி வைத்திருப்பார்கள். வெள்ளத்துக்கும் மின்வெட்டுக்கும் ஆயத்தமாகிவிடுகிறார்கள். டொர்னேடோவை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. அது ஓக்லஹோமா, கான்சாஸ்காரர்களின் பாடு என்ற நினைப்பு.

அந்த நினைப்பு என்ன செய்யும் என்பதை 2024 அக்டோபர் 9 காட்டியது. அன்று மாலை மில்டன் புயலின் கண் இன்னும் வளைகுடாக் கடலில்தான் இருந்தது. எல்லோருடைய கவனமும் மேற்குக் கரையில், டாம்பா மீதும் சாரசோட்டா மீதும். இரவு எட்டரை மணிக்குத்தான் புயல் சியெஸ்டா கீ அருகே கரையைத் தொட்டது. அதற்குச் சில மணி நேரம் முன்பே, மாநிலத்தின் எதிர்க்கரையில் ஃபோர்ட் பியர்ஸ் அருகே, முதியவர்கள் வாழும் ஸ்பானிஷ் லேக்ஸ் மொபைல் ஹோம் குடியிருப்புக்குள் டொர்னேடோ புகுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். ஃபோர்ட் பியர்ஸ் அடங்கிய செயின்ட் லூசி கவுண்டியில், காவல் வாகனங்களை நிறுத்துவதற்காகக் கட்டியிருந்த சுமார் 10,000 சதுர அடி இரும்புக் கொட்டகை முறுக்கிக்கொண்டு வண்டிகள் மேலேயே சரிந்தது.

புயல் கரை தொட்ட இடத்துக்கும் ஃபோர்ட் பியர்ஸுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். அன்று ஒரே நாளில் ஃப்ளோரிடாவில் 40க்கும் மேற்பட்ட டொர்னேடோக்கள் உறுதிசெய்யப்பட்டன. அவற்றில் மூன்று EF3 வகை, அதாவது காற்றின் வேகம் மணிக்கு 218 கிலோமீட்டருக்கு மேல்.

ஆகவே முதலில் மனதில் ஏற்ற வேண்டியது இதுதான்: வரைபடத்தில் தெரியும் கூம்பு டொர்னேடோவைப் பற்றி எதுவும் சொல்லாது. தேசிய ஹரிக்கேன் மையம் வெளியிடும் அந்தக் கூம்பு, புயலின் நடுப்புள்ளி எங்கே போகக்கூடும் என்பதற்கு மட்டுமான கணிப்பு. மழைப் பட்டைகள் எவ்வளவு தூரம் விரிந்திருக்கின்றன என்பது அதில் இல்லை. “நாங்கள் கூம்புக்கு வெளியேதான் இருக்கிறோம்” என்று ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டு ஆறுதல் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அந்த ஆறுதலில் அர்த்தமே இல்லை.

டொர்னேடோ பெரும்பாலும் பிறப்பது புயல் நகரும் திசைக்கு வலப்புறம், முன்பக்கத்தில். கண்ணிலிருந்து நூறு கிலோமீட்டரிலும் பிறக்கும், நானூறு கிலோமீட்டரிலும் பிறக்கும். புயல் நிலத்தை நெருங்கும்போது தரையை ஒட்டிய காற்று உராய்வில் வேகம் குறைகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் அதே காற்று பலமாகவே பாய்கிறது. உள்ளங்கைகளுக்கு நடுவே விளக்குத் திரியை உருட்டுவதுபோல, இரண்டுக்கும் இடையே அகப்பட்ட காற்று படுக்கைவாட்டில் உருளுகிறது. மேலெழும் இடிமேகம் ஒன்று அந்தச் சுருளை இழுத்து நிமிர்த்தினால் மேகமே சுழலத் தொடங்கிவிடும்.

மேகம் மேலெழ வெப்பம் வேண்டும். கவனக்குறைவானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு மழைப் பட்டைகளுக்கு நடுவே வானம் வெளுத்து வெயில் அடிக்கும். மழை விட்டுவிட்டது என்று ஆட்கள் வெளியே வருவார்கள். ஒருவர் ஏணி போட்டு விட்டுப்போன ஷட்டரை மாட்டுவார், இன்னொருவர் நாயை நடத்திக் கூட்டிப்போவார், பிள்ளைகள் சைக்கிளை எடுப்பார்கள். அந்த வெயில்தான் அடுத்த பட்டைக்குத் தீனி. புயல் நாளில் நடுவே வெயில் அடித்தால் உள்ளே போக வேண்டும், வெளியே வரக் கூடாது. ஷட்டர் மாட்டும் வேலையை முந்தைய நாளே முடித்திருக்க வேண்டும்.

கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியமும் ஆகாது. சமவெளியில் தூரத்திலிருந்தே தெரியும் புனல் போன்றதல்ல புயலோடு வரும் டொர்னேடோ. பெரும்பாலும் மழைத்திரைக்குள் ஒளிந்து வரும், ஆலங்கட்டி மழை முன்கூட்டிச் சொல்லாது. மேகங்கள் உயரம் குறைந்தவை, சுழற்சியோ சிறியது. ரேடார் கதிர் தூரம் போகப் போக உயர்ந்துகொண்டே போவதால், நிலையத்திலிருந்து விலகிய ஊரில் தரையோரச் சுழற்சிக்கு மேலாகவே அது தாண்டிப் போய்விடலாம். அதனால்தான் வானிலை அலுவலர்கள் தாழ்ந்த கோணத்தில் அடிக்கடி ரேடாரைச் சுழற்றிப் பார்க்கிறார்கள், காற்றின் திசை சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பும் இடத்தைத் தேடுகிறார்கள், சிதறிப் பறக்கும் கூரைத்தகடும் மரக்கிளையும் ரேடாரில் தெரிகின்றனவா என்று கவனிக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுக்காரருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களைப் பால்கனியில் வீடியோ எடுத்துக் கழிக்கிறவர்களை என்ன சொல்வது?

எச்சரிக்கை இரண்டு விதமாக வரும்: வாட்ச், வார்னிங். வாட்ச் என்றால் டொர்னேடோ உருவாகச் சூழல் கூடியிருக்கிறது என்று பொருள். ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் உள்ள ஸ்டார்ம் ப்ரெடிக்‌ஷன் சென்டர் பல கவுண்டிகளுக்குச் சேர்த்து, சில மணி நேரத்துக்கு விடுப்பது அது. வார்னிங் உள்ளூர் வானிலை அலுவலகத்திலிருந்து வரும். ரேடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பொருள். உடனே ஒதுங்க வேண்டும், யோசனைக்கு இடமில்லை.

இனி ஆயத்த வேலைகள். போனில் அவசர எச்சரிக்கை அணைந்திருந்தால் இன்றே போட்டுவிடுவது. பேட்டரியில் ஓடும் வெதர் ரேடியோ ஒன்று வாங்கி, அதில் சொந்தக் கவுண்டியின் எண்ணைப் பதிந்து வைப்பது. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத, வீட்டின் நடுவில் அமைந்த அறையைத் தேர்ந்தெடுப்பது. குளியலறையோ, க்ளோசெட்டோ, மாடிப்படிக்குக் கீழோ எதுவானாலும் சரி. அதற்குள் காலணி, டார்ச், தலைக்கு சைக்கிள் ஹெல்மெட், மருந்து. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரை அந்த அறைக்கு ஒருமுறை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவது. எச்சரிக்கை ஆங்கிலத்தில் அலறும்போது அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சாலையில் இருந்தால் மேம்பாலத்துக்கு அடியில் வண்டியை நிறுத்தக் கூடாது, பக்கத்தில் உள்ள உறுதியான கட்டடத்துக்குள் போக வேண்டும்.

மொபைல் ஹோமில் வசிப்பவர்களுக்கு இந்தக் குளியலறைப் பேச்சு பொருந்தாது. எவ்வளவு புதிதாக இருந்தாலும், எத்தனை பட்டை போட்டுக் கட்டியிருந்தாலும், EF3 காற்றுக்கு அது நிற்காது. வார்னிங் வந்தபின் கிளம்புவது தாமதம். புயல் நெருங்கும் நாளில் வாட்ச் வந்ததுமே பக்கத்துத் தெரு கான்கிரீட் கட்டடத்துக்கோ, நண்பர் வீட்டுக்கோ, கவுண்டி முகாமுக்கோ போய்விட வேண்டும். கூம்புக்குள் இருக்கிறோமா என்ற கேள்வியே இங்கே கூடாது. ஸ்பானிஷ் லேக்ஸ் மில்டனின் கண் கரை தொட்ட கடற்கரையிலா இருந்தது?

உள்நாட்டில் இருப்பவர்களும் தப்பித்தோம் என்று உட்கார முடியாது. 2004இல் ஐவன் புயல் அலபாமா கரையில் ஏறியது செப்டம்பர் 16 அன்று. மறுநாள், வலுவிழந்த பிறகு, வர்ஜீனியாவில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட டொர்னேடோக்களை அது உண்டாக்கியது. மூன்று நாட்களில் மொத்தம் 100க்கும் மேல். 2024 ஜூலையில் டெக்சாஸில் கரையேறிய பெரில், மறுநாள் இண்டியானாவில் EF3 டொர்னேடோவாக இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஹெலீன் ஃப்ளோரிடாவில் கரை தொட்ட மறுநாள், வட கரோலைனாவின் ராக்கி மவுண்டில் டொர்னேடோ தாக்கிப் பதினைந்து பேர் காயமடைந்தார்கள். கரை தொட்டதோடு டிவியை அணைப்பது, புயல் வலுவிழந்து “டிப்ரஷன்” ஆகிவிட்டது என்று ரேடியோவைப் பெட்டியில் போடுவது இரண்டும் வேண்டாம். புயலின் மிச்சம் மாநிலத்தை விட்டு விலகும்வரை, குறிப்பாகப் பிற்பகலிலும் மாலையிலும், ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கட்டும். இரவில் போன் சார்ஜில், ஒலியைக் குறைக்காமல், படுக்கைக்கு எட்டும் தூரத்தில்.