வகுப்புப் படம்

ஆண்டிறுதியில் மாணவர்களை வரிசையாக நிறுத்திக் குழுப்படம் எடுப்பது பள்ளிகளின் வழக்கம். ஆசிரியர்கள் நாற்காலிகளில் அமர்வர். சிறுவர் சிலர் தரையில் அமர்வர். உயரமானவர் பின்வரிசையில் பலகை மீது நிற்பர். சில நாள் கழித்துப் படம் வகுப்பிற்கு வரும். அன்று ஒவ்வொருவரும் முதலில் தேடுவது தம் முகத்தையே. கண் மூடியோ, வாய் திறந்தோ, தலை கலைந்தோ இருப்பின் உள்ளம் குன்றுகிறது. “பார்ப்பவரெல்லாம் நகைப்பரே! இப்படம் என்றும் அழியாதே!” என்ற வருத்தம் எழுகிறது. வளரும் பருவத்தில் இவ்வருத்தம் சிறிதன்று. ஆயினும், அதற்குரிய காரணங்களை ஆராய்ந்து பார்த்தல் நன்று.

மனிதன் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறான். ஓர் இமைப்பிற்குக் கால் நொடி எனக் கொண்டால், ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 4 நொடி நம் கண்கள் மூடியே இருக்கின்றன. 40 பேர் உள்ள வகுப்பில், எந்த நொடியில் படம் எடுப்பினும் இரண்டு மூன்று பேர் கண் மூடியிருத்தல் இயல்பேயாகும். அது எவருடைய குற்றமும் அன்று.

சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் 108 கரணங்கள் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சிலவற்றில் கால் தலைக்கு மேல் உயர்ந்திருக்கும். உடல் வில்லென வளைந்திருக்கும். ஒரு சிற்பத்தை மட்டும் கண்டு, “இதுவே நடனம்” என்று எவரும் கூறார். ஓர் அசைவு மற்றோர் அசைவோடு இணைந்து ஓடும்போதே அது நடனமாகிறது. நம் முகமும் அத்தகையதே. படக்கருவி பிடிப்பது நொடியின் மிகச் சிறு கூற்றை மட்டுமே.

மற்றொரு காரணமும் உண்டு. நாம் நாள்தோறும் காண்பது கண்ணாடியில் இடவலம் மாறித் தோன்றும் முகம். அமெரிக்க நாட்டில் 1977 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், மாணவியர் தம் முகத்தின் கண்ணாடித் தோற்றத்தையே பெரிதும் விரும்பினர்; அவர்தம் தோழியரோ உண்மைத் தோற்றத்தையே விரும்பினர். நமக்கு வேற்றுமுகமாகத் தோன்றுவது நண்பர்க்குப் பழகிய முகமாகும்.

பார்ப்பவரெல்லாம் நகைப்பர் என்னும் அச்சமும் அளவு கடந்ததே. கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாணத்தக்க படம் பொறித்த சட்டையை அணிந்து ஒரு மாணவர் பலர் இருந்த அறைக்குள் சென்றார். ஏறத்தாழப் பாதிப்பேர் அதனைக் கண்டிருப்பர் என்பது அவ்வாறு சென்றவர்களின் எண்ணம். உண்மையில் கண்டவர் கால் பங்கினரே. பிறரும் தத்தம் தோற்றத்தைப் பற்றியே கவலை கொண்டிருப்பர் அன்றோ!

எனினும், சிலர் நண்பனின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கைப்பேசி வழியே பரப்பி நகையாடுவர். இது விளையாட்டு அன்று; கொடுமை. அங்ஙனம் வந்த படத்தைப் பிறருக்கு அனுப்பாது நிறுத்துதலும், ஆசிரியரிடம் அறிவித்தலும் நம் கடமை. துன்புற்ற மாணவனும் அதனைத் தனக்குள் மறைத்தல் வேண்டா. பெற்றோரிடம் கூறுதல் வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூரின் தேவனாம்பட்டினத்தையும், சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கரையையும் தாக்கியது. பல உயிர்கள் மாண்டன. வீடுகளோடு, வீட்டுப் பொருள்களும் சுவரில் மாட்டிய படங்களும் போயின. மறைந்த மகனின் முகம் ஒரு வகுப்புப் படத்தில் மட்டும் எஞ்சியிருப்பின், அதில் அவன் கண் மூடியிருந்தான் என்று எந்தத் தாயேனும் அதனை எறிவாளோ?

ஆதலின் மாணவர்களே, வகுப்புப் படத்தைக் கிழித்துவிடாதீர்கள். அதன் பின்புறத்தில் வரிசைப்படி எல்லோர் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். முகங்கள் மாறிய பின்னரும் தோழர்களை அடையாளம் காண அஃது உதவும்.