வாடகை உதவியைக் குறைத்தால் யார் கொடுப்பது?

மாதக் கணக்கு எழுதும் எந்தத் தாயும் இதை அறிவாள். அரிசி பருப்பில் கொஞ்சம் சிக்கனம் செய்யலாம். புதுத்துணியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடலாம். வாடகையை மட்டும் குறைக்க முடியாது. தேதி வந்ததும் முழுத்தொகையையும் எண்ணி வைத்தாக வேண்டும். இவ்வாரப் பாடத்துக்கு இந்த எளிய உண்மையே அஸ்திவாரம். பிரிட்டிஷ் சர்க்கார் ஏழைகளின் வாடகை உதவியைக் குறைத்தபோது நடந்ததைப் பார்த்தால், இந்த உண்மையை மறந்ததன் பலன் விளங்கும். அந்நாட்டில் வாடகை வீடுகளில் வாழ்வோரில் நம் தமிழ் மக்களும் அநேகர். ஆதலால் இது நமக்கு அந்நியமான விஷயமல்ல.

1. இந்த உதவி ஏன் ஏற்பட்டது?

1942-ஆம் ஆண்டு வில்லியம் பெவரிட்ஜ் என்பவர் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புக்கு ஒரு பெரும் திட்டம் வகுத்துக் கொடுத்தார். நோய், முதுமை, வேலையின்மை எல்லாவற்றுக்கும் வழி சொன்ன அவருக்கு வாடகை மட்டும் பெருஞ்சிக்கலாயிருந்தது. உணவுச் செலவு ஊருக்கு ஊர் அவ்வளவாக மாறுவதில்லை. வாடகையோ ஊருக்கு ஊர் பெரிதும் வேறுபடுகிறது. எல்லாருக்கும் ஒரே தொகை கொடுத்தால் ஒருவனுக்கு மிஞ்சும், மற்றவனுக்குப் போதாது. ஆகவே பிற்காலத்தில் வாடகைக்கென்று தனி உதவி தேவைப்பட்டது. 1982-83-இல் அது ‘ஹவுசிங் பெனிபிட்’ என்ற பெயரில் நகரசபைகள் வழியாகக் கொடுக்கப்படலாயிற்று.

இதற்கிடையே 1980-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நகரசபை வீடுகளில் குடியிருந்தோர் அவற்றைச் சலுகை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. அது முதல் இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் விற்கப்பட்டன. விற்ற அளவுக்குப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. எனவே ஏழைகள் பலர் அதிக வாடகை கேட்கும் தனியார் வீடுகளுக்குப் போனார்கள். வாடகை ஏற ஏற, உதவிச் செலவும் ஏறிற்று. 2010-ஆம் ஆண்டளவில் அது வருஷத்துக்கு 2,000 கோடி பவுனை எட்டிவிட்டது. செலவைக் குறைத்தே தீரவேண்டும் என்று சர்க்கார் தீர்மானித்தது.

2. குறைத்தது எப்படி?

மூன்று முக்கியமான வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, தனியார் வீடுகளுக்கான வரம்பு. ஒரு வட்டாரத்திலுள்ள வாடகைகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக வைத்து, நடுவிலுள்ளதை உதவியின் வரம்பாகக் கொள்வது 2008-ஆம் ஆண்டு ஏற்பாடு. அதாவது நூறு வீடுகள் இருந்தால் ஐம்பதாவது வீட்டின் வாடகை. 2011-இல் அது முப்பதாவது வீட்டின் வாடகையாகக் கீழிறக்கப்பட்டது. 2016 முதல் நான்கு ஆண்டுகள் அத்தொகை அசையாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2020-இல் உயர்த்தினார்கள். பிறகு 2024 வரை மறுபடியும் நிறுத்தினார்கள். 2024-இல் ஒருமுறை உயர்த்தியபின், 2025-இல் உயர்த்தவில்லை. வீட்டுச் சொந்தக்காரரோ வாடகையை நிறுத்தி வைக்கவில்லை.

இரண்டாவது, மிகுதி அறைக்கான பிடித்தம். 2013 ஏப்ரல் முதல், நகரசபை வீடுகளிலும் வீட்டுவசதிச் சங்க வீடுகளிலும் வசிப்போருக்குத் தேவைக்குமேல் ஒரு படுக்கையறை இருந்தால், உதவிக்குக் கணக்கிடும் வாடகையில் நூற்றுக்கு 14 பங்கு கழிக்கப்படும். இரண்டு அல்லது அதற்கு மேலிருந்தால் நூற்றுக்கு 25 பங்கு. முதியோர் பென்ஷன் வயதினருக்கு இது இல்லை. பத்து வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகள் ஆணும் பெண்ணுமானாலும் ஒரே அறையில் தூங்கலாம் என்பது விதி. வாரம் 100 பவுன் வாடகைக்கு முழு உதவி பெற்ற ஒரு விதவையை எண்ணிப் பார்ப்போம். மகன் வேலைக்கு வேறூர் போய்விட்டான், அவன் அறை காலியாயிற்று. அன்று முதல் அவள் வாரம் 14 பவுன், வருஷத்துக்கு 728 பவுன், தன் உணவுக் காசிலிருந்து எடுத்துக் கட்டவேண்டும்.

மூன்றாவது, மொத்த உச்சவரம்பு. ஒரு குடும்பம் பெறும் உபகாரத் தொகைகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 26,000 பவுனைத் தாண்டக்கூடாது என்று 2013-இல் விதித்தார்கள். 2016-இல் அதை லண்டனில் 23,000 பவுனாகவும், மற்ற இடங்களில் 20,000 பவுனாகவும் இறக்கினார்கள். 2023-இல் சிறிது உயர்த்தினார்கள். ஹவுசிங் பெனிபிட் வாங்கும் குடும்பத்தில், வரம்பைத் தாண்டிய தொகை அந்த வாடகை உதவியிலிருந்தே பிடிக்கப்படும். பிடித்துப் பிடித்து வாரம் வெறும் 50 பென்ஸ் மட்டும் மிஞ்சலாம். குறிப்பிட்ட அளவு வேலை செய்து சம்பாதிப்போருக்கும், உடல் ஊனத்துக்கான சில உதவிகள் பெறுவோருக்கும் விலக்கு உண்டு. ஆனால் கைக்குழந்தையுள்ள தாய் எளிதில் வேலைக்குப் போகமுடியுமா?

3. எதிர்பார்த்தது என்ன? நடந்தது என்ன?

உதவி குறைந்தால் வீட்டுச் சொந்தக்காரர் வாடகையைக் குறைப்பார் என்று எதிர்பார்த்தார்கள். தனியார் வீடுகளைப் பற்றிச் சர்க்காரே ஏற்பாடு செய்த ஆராய்ச்சியின் முடிவு 2014-இல் வெளிவந்தது. குறைப்பின் சுமையில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு குடியிருப்போர் தலையிலேயே விழுந்தது என்று அது கண்டது. சொந்தக்காரர் தலையில் விழுந்தது ஒரு பங்குதான்.

காலி அறையுள்ளவர்கள் சிறிய வீட்டுக்கு மாறுவார்கள் என்றும் எதிர்பார்த்தார்கள். மாறியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்று 2015-ஆம் ஆண்டுச் சர்க்கார் அறிக்கை கூறிற்று. காரணம் எளிது: மாறுவதற்குச் சிறிய வீடுகள் இல்லை. நகரசபைகள் முன்னாளில் குடும்பங்களுக்கென்று இரண்டு மூன்று அறை வீடுகளையே பெரும்பாலும் கட்டின. பிடித்தத்துக்கு உள்ளானவர்களில் நான்கில் மூன்று பங்கினர் உணவைக் குறைத்துக்கொண்டதாகவும் அவ்வறிக்கையே சொல்கிறது.

‘மிகுதி’ என்ற அறை உண்மையில் மிகுதியா என்பதும் கேள்வி. மனைவியின் உடற்குறையால் ஒரே அறையில் தூங்க முடியாத தம்பதிக்கும் பிடித்தம் வந்தது. ஊனமுற்ற பேரனை வளர்த்து, இரவுக் காவலுக்கு வருபவருக்கு அறை வைத்திருந்த தாத்தா பாட்டிக்கும் வந்தது. 2016 நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் இவ்விரு குடும்பங்களுக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்து அரசோ 2014 முதல் இப்பிடித்தத்தைத் தன் பணத்தைக் கொண்டு ஈடுசெய்து வருகிறது. ஆகையால் வேறு வழியே இல்லை என்று சொல்ல இடமில்லை.

4. மிச்சமான பணம் எங்கே?

வாடகை பாக்கி ஏறினால் வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வரும். வீடிழந்த குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு இடம் கொடுக்கும் பொறுப்பு நகரசபையைச் சேர்ந்தது. நகரசபையிடம் வீடு இல்லை. எனவே அது தற்காலிக இடங்களை, சில வேளை விடுதி அறைகளையும், அதிக விலைக்கு வாடகைக்கு எடுக்கிறது. இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இப்படித் தற்காலிக இடங்களில் வசிக்கின்றன. 2023-24-இல் இதற்கு நகரசபைகள் செலவிட்டது 200 கோடி பவுனுக்கு மேல். பிள்ளைகளுள்ள குடும்பத்தை விடுதி அறையில் ஆறு வாரங்களுக்கு மேல் வைக்கலாகாது என்று சட்டம் இருந்தும், அதைத் தாண்டியும் பல குடும்பங்கள் அங்கேயே கிடக்கின்றன. அடுப்பு இல்லை. பிள்ளைக்குப் பாடம் எழுத மேசை இல்லை. பழைய பள்ளிக்கூடமோ வெகுதூரம். ஒரு கையால் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை மறுகையால் செலவழித்தார்கள். இடையில் ஒரு குடும்பம் தன் வீட்டை இழந்தது.

5. ஓர் ஆட்சேபம்

“உழைத்துத் தன் வாடகையைத் தானே கட்டுகிறவனுக்கு இந்த உதவி அநியாயமல்லவா?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2014 பிப்ரவரியில், அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் அதிமேற்றிராணியாராயிருந்த வின்சென்ட் நிக்கல்ஸ் ஆண்டகை, ஏழைகளுக்கிருந்த பாதுகாப்பு வலை கிழிந்துபோயிற்றென்றும், அது வெட்கக்கேடென்றும் பகிரங்கமாகச் சொன்னார். அப்போதைய பிரதம மந்திரி டேவிட் கேமரன், மக்களை உழைப்பில் சேர்ப்பதே இச்சீர்திருத்தத்தின் தார்மீக நோக்கம் என்று மறுமொழி கூறினார்.

நோக்கத்தை நாம் குறைகூற வேண்டாம். ஆனால் இந்த உதவியைப் பெறுவோரில் வேலை செய்வோரும் அநேகர் என்பதை மறக்கலாகாது. அவர்கள் சோம்பேறிகளல்லர். அவர்களுடைய சம்பளம் வாடகைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். மேலும், வாடகை உயர்ந்ததற்குக் குடியிருப்பவன் காரணமல்ல. வீடு கட்டாமல் விட்டது அவனல்ல. வாடகையை நிர்ணயித்ததும் அவனல்ல. அந்த ஏற்பாட்டில் எதையும் மாற்றும் சக்தியில்லாத ஒருவனிடமே செலவைக் குறைக்கச் சொன்னதுதான் தவறு. சிக்கனம் வேண்டுமானால், மாற்றக்கூடியவனிடம் தொடங்க வேண்டும்.

6. நாம் செய்யக் கூடியது

பிரிட்டனிலுள்ள நம் உறவினர் எவரேனும் இவ்விதக் கஷ்டத்திலிருந்தால், அவர்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்வோம். வாடகை பாக்கிக் கடிதங்களைப் பிரிக்காமல் ஒளித்து வைக்கலாகாது. உதவியைக் குறைத்த தீர்ப்பு தவறென்று தோன்றினால், வழக்கமாக ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். வீடு பறிபோகுமுன்பே நகரசபையிடம் கஷ்டகால உதவிக்கு மனுச்செய்து, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்கும் செல்ல வேண்டும். வெட்கத்தால் வாய்மூடியிருந்து, நோட்டீஸ் வந்தபிறகு ஓடுவதால் பயனில்லை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வாடகை கட்டமுடியாத அயலானைப் பார்த்து, “ஏன் கட்டவில்லை?” என்று கேட்குமுன், “எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது?” என்று கேட்போம். பெரும்பாலும் அந்தக் கணக்கே பதில் சொல்லிவிடும்.

குடும்பமாகச் சிந்திக்க

அ. நம் மாத வருமானத்தில் எத்தனை பங்கு வீட்டுக்காகப் போகிறது? அது நூற்றுக்கு 14 பங்கு உயர்ந்தால் எதைக் குறைப்போம்?

ஆ. ஏழைக்குக் கொடுக்கும் உதவியைக் குறைக்குமுன் அதிகாரிகள் எந்தெந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்?

இ. நாம் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், குடியிருப்போர் கஷ்டப்படும் மாதத்தில் நாம் நடந்துகொள்வது எப்படி?