விலையை மாத்த கடைக்கு ஓடணுமா?
கணினிப் பாடம்



இந்த மாதப் பாடம் கம்ப்யூட்டரைப் பற்றியது. "அது படிச்ச பொண்ணுங்களுக்கு" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம்ம பொருளுக்கு நாம வைக்கிற விலையை நாமே மாத்திக்கொள்வது எப்படி என்பதுதான் பாடம்.

நடந்த கதை

இரும்பை பக்கத்தில் ஒரு குழு மரக்காணம் உப்பைப் போட்டு மாங்காய் ஊறுகாய் செய்கிறது. ஒரு மொத்த வியாபாரியிடம் காட்டுவதற்காக ஆறு ஸ்லைடு தயார் செய்தோம். ஸ்லைடு என்றால் கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டும் பக்கம். பயிற்சியில் சுவரில் காட்டுவோமே, அதுதான். ஒரு டி.டி.பி. கடையில் குழுவின் சின்னம், பாட்டில் படம், விலைப்பட்டியல் எல்லாம் அழகாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் குழு கூடியது. எண்ணெய் விலை ஏறிவிட்டதால் பாட்டில் விலையை 45 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக ஆக்க தீர்மானம் எழுதினார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து 45-ஐ அழிக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஸ்லைடு முழுவதும் ஒரே படமாக ஒட்டியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடையும் பூட்டு.

மறுநாள் 50 ரூபாய் என்று வாயால் சொன்னோம். "நீங்களே 45-னு போட்டிருக்கீங்களேம்மா" என்றார் வியாபாரி. 200 பாட்டிலும் பழைய விலைக்கே போனது. 1,000 ரூபாய் நஷ்டம்.

கடைக்காரர்மேல் தப்பு இல்லை. "படமா போட்டுக் குடுங்க" என்று கேட்டது நான்தான். திரும்பி வரும்போது ஒரு அக்கா கேட்டார்: "ஏன் மேடம், காசு குடுத்து செஞ்சது நம்மளது. அதுல ஒரு நம்பர நம்மளால மாத்த முடியாதா?" முடியும். எப்படி என்று பார்ப்போம்.

படத்தில் இரண்டு வகை

வாசலில் போட்ட கோலத்தை செல்போனில் போட்டோ எடுக்கிறோம். அதைப் பெரிதாக்கினால் மங்கிப்போகும். ஒரு கோட்டை மட்டும் அழிக்கவும் முடியாது. ஜே.பி.ஜி. என்ற படம் இந்த வகை.

கோல நோட்டில் "7 புள்ளி, 7 வரிசை, இங்கிருந்து அங்கே கோடு" என்று இருந்தால்? சின்ன வாசலுக்கும் போடலாம், பெரிய வாசலுக்கும் போடலாம். ஒரு இதழை மட்டும் மாற்றலாம். இந்த வகைக்குப் பெயர் வெக்டர். கோடும் வடிவமும் நிறமும் தனித்தனிக் குறிப்பாக இருக்கும். எஸ்.வி.ஜி. என்பது இந்த வகை ஃபைல். 2001-ல் பொதுத்தரமாக அறிவிக்கப்பட்டது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் இதை வரையலாம். கடைக்காரர்கள் வைத்திருக்கும் கோரல் டிராவிலும் எஸ்.வி.ஜி. ஆக எடுத்துக் கொடுக்க முடியும்.

ஸ்லைடாக மாற்றும் முறை

1. படத்தை எஸ்.வி.ஜி. ஆகச் சேமிக்கவும். விலை, பெயர், போன் நம்பர் போன்ற எழுத்துகளைப் படத்தில் வைக்க வேண்டாம். சின்னமும் பாட்டிலும் பார்டரும் மட்டும் போதும்.

2. புதிய பவர்பாயிண்டில் 'இன்சர்ட்', 'பிக்சர்ஸ்' வழியாக அந்த ஃபைலைக் கொண்டுவரவும்.

3. படத்தைத் தொட்டு, மேலே 'கிராஃபிக்ஸ் ஃபார்மட்' பகுதியில் 'கன்வர்ட் டு ஷேப்' கொடுக்கவும். இப்போது படம் பல துண்டாகும். ஒவ்வொன்றின் நிறத்தையும் அளவையும் தனியாக மாற்றலாம்.

4. பழைய பவர்பாயிண்ட் எஸ்.வி.ஜி.யை ஏற்காது. அப்போது இங்க்ஸ்கேப்பில் இ.எம்.எஃப். ஆகச் சேமித்து, ஸ்லைடில் வைத்து, 'அன்குரூப்' கொடுக்கவும். மாற்றட்டுமா என்று கேட்கும், 'யெஸ்' கொடுத்து, இன்னொரு தடவை 'அன்குரூப்' கொடுக்கவும்.

5. இலவச லிப்ரே ஆபீஸில் செய்பவர்கள் படத்தை வைத்தபின் 'ஷேப்' மெனுவில் 'பிரேக்' கொடுக்கவும்.

6. கடைசியாக, எழுத்தை ஸ்லைடிலேயே 'டெக்ஸ்ட் பாக்ஸ்' போட்டு டைப் செய்யவும்.

நிழல், மங்கலான நிறம் எல்லாம் மாற்றும்போது கெட்டுப்போகலாம். அதனால் படம் எளிமையாக, பட்டையான நிறத்தில் இருப்பதே நல்லது.

தமிழ் எழுத்தில் கவனம்

ஆறாவது படி ஏன் முக்கியம்? கடைகளில் பழைய வகை தமிழ் ஃபாண்டில் அடித்தால், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். சிலர் அதைத் தவிர்க்க எழுத்தையே கோடாக மாற்றிவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் 45-ஐ 50 ஆக்க முடியாது. நாம் யூனிகோடில் டைப் செய்தால் வேறு கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும். விண்டோஸில் 'நிர்மலா' ஃபாண்ட் இருக்கிறது, அதுவே போதும்.

செல்போனில் கேன்வா பயன்படுத்தும் நம்ம பிள்ளைகள் உண்டு. கேன்வாவில் செய்ததை இறக்கும்போது படமாக எடுக்காமல் பவர்பாயிண்ட், அதாவது பி.பி.டி.எக்ஸ். வகையைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள். எழுத்தைப் பிறகும் மாற்றலாம். ஃபாண்ட் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

காசு கொடுப்பதற்கு முன்

கடையில் இந்த மூன்றையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள்:

- எஸ்.வி.ஜி. – இது நம் மூலப்பத்திரம் மாதிரி. பத்திரமாக வைக்கவும்.
- பி.பி.டி.எக்ஸ். – நாம் மாற்றி எழுதும் நோட்டு.
- பி.டி.எஃப். – வெளியாருக்கு அனுப்பும் நகல்.

வெளியாருக்கு பி.பி.டி.எக்ஸ். அனுப்ப வேண்டாம். நம்மால் விலையை மாற்ற முடிந்தால் அவர்களாலும் மாற்ற முடியும்.

வாங்கியதும் அங்கேயே ஸ்லைடைத் திறந்து விலையின்மேல் கிளிக் செய்யுங்கள். எழுத்துக்கு நடுவே கோடு மினுக்கினால் மாற்றலாம். முழுப் பக்கமும் ஒரே கட்டமாகப் பிடிபட்டால் அது வெறும் படம். "அக்கா, இது போதாது, மாத்துற மாதிரி குடுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். சேலை வாங்கும்போது பிரித்துப் பார்க்கிறோம் இல்லையா? அதேபோலத்தான்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவின் சின்னமும் விலைப்பட்டியலும் எந்த வகை ஃபைலாக, யாரிடம் இருக்கிறது?
2. விலை மாறினால் அதை மாற்றத் தெரிந்தவர் குழுவில் யார்? ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் யார்?
3. பென் டிரைவை யார் பொறுப்பில் வைப்பது? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

அந்த ஊறுகாய்க் குழுவின் ஸ்லைடை இந்த முறையில் திரும்பச் செய்தோம். அடுத்த தடவை விலை மாறியபோது, கேள்வி கேட்ட அந்த அக்காவே உட்கார்ந்து மாற்றினார். ஒரு விரலால்தான் டைப் செய்தார். கால் மணி நேரம் ஆனது. கடைக்கு யாரும் போகவில்லை.